கிண்ணத்துக்குள் ஒட்டிக்கொண்ட கைப்பிடி

சித்தி,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். உனக்குச் சாதகமாகவும் எழுத மாட்டேன், எனக்குச் சாதகமாகவும் எழுத மாட்டேன். நீ இல்லை என்பதற்காக உன் தப்பை மறைப்பதாகவும் இல்லை.

மேசைமேல் என் கிண்ணம் இருக்கிறது. நீலக் கிளேஸ், அந்தக் கண்ணாடிப் பூச்சு, நான் நினைத்ததைவிட நன்றாகவே வந்திருக்கிறது. விளிம்பு கோணவில்லை. ஆனால் உள்ளே, நட்டநடுவில், நீ செய்த கோப்பையின் கைப்பிடி ஒரு காது மாதிரி நிமிர்ந்து நிற்கிறது.

நீ போன பிறகு இன்றுதான் மண்பாண்ட வகுப்புக்கு வந்தேன். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தனியாக பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. டீச்சர் அலமாரியிலிருந்து இரண்டு செய்தித்தாள் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்து, "மனசைத் தேத்திக்கிட்டுப் பிரிம்மா" என்றார். உன்னை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எண்ணித் தலையாட்டினேன். அவர் சொன்னது கிண்ணத்தை.

மண் வேலை கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது நான். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொன்னதால் நீ துணைக்கு வந்தாய். அவ்வளவுதான் உன் வேலை. முதல் சனிக்கிழமை கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கோயில் வாசல் கடைக்கான மல்லிகையைக் கட்டிக்கொண்டிருந்தாய். "சும்மா இருக்கீங்களே, நீங்களும் செய்யுங்களேன்" என்று டீச்சர் ஒரு உருண்டை மண்ணை நீட்டினார்.

"சும்மாவா? வந்ததுக்கு நாலு முழம் கட்டிட்டேன்" என்றாய். ஆனால் வாங்கிக்கொண்டாய்.

நான் நூலகத்தில் மூன்று புத்தகம் படித்துவிட்டு வந்தவள். தனி நோட்டே போட்டிருந்தேன். ஏழு சனிக்கிழமை சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தும் மண் நடுவில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. நீயோ சக்கரத்தைத் தொடவே இல்லை. மண்ணைக் கயிறு கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, பேசிக்கொண்டே ஒரு கோப்பையை முடித்துவிடுவாய். பூக்கட்டிப் பழகிய விரல் என்று டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். நீ என் பக்கம் திரும்பி, "என்ன புஸ்தகம், இன்னும் ஆடுதா?" என்றாய்.

"பேர் சொல்லிக் கூப்பிடு சித்தி."

"பேரு மறந்துபோச்சு. எப்பப் பாத்தாலும் மூஞ்சிக்கு முன்னால அதுதான தெரியுது."

வகுப்பே சிரித்தது. அன்று பஸ்ஸில் நான் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனிக்கக்கூட இல்லை, கண்டக்டரோடு பேசிக்கொண்டு வந்தாய்.

கைப்பிடி ஒட்டுவதற்கு ஒரே ஒரு விதிதான். கோப்பையிலும் கைப்பிடியிலும் கீறல் போட வேண்டும், கீறிய இடத்தில் மண் குழம்பைத் தடவ வேண்டும், பிறகு அழுத்த வேண்டும். டீச்சர் சொன்னார். நான் நோட்டில் எழுதி உனக்கு வாசித்தும் காட்டினேன். நீ கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வாய்.

"பூவுக்கு என்ன பசையா போடுறேன்? இறுக்கிப் பிடிச்சா நிக்கும்."

"அது நார் சித்தி. இது மண்ணு."

"உனக்கு மண்ணு. என்கிட்ட அது சொன்ன பேச்சு கேக்கும்."

கேட்கவில்லை. முதல் இரண்டு கோப்பைகளும் காயும்போதே கைப்பிடியை உதிர்த்தன. மூன்றாவதுதான் எனக்கென்று நீ செய்தது, பரீட்சைக்குப் படிக்கும்போது டீ குடிக்க. அது காய்ந்தும் நின்றது, சூளையின் முதல் சூட்டையும் தாண்டி வந்தது. அன்று நீ நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

இனி எழுதப்போவதுதான் முக்கியம்.

இரண்டாவது சூட்டுக்கு முன்னால் கிளேஸ் பூசிக்கொண்டிருந்தோம். "விரிசல் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றார் டீச்சர். "உள்ள விழுந்துச்சுன்னா, கிளேஸ் உருகிப் பக்கத்துச் சாமானோட ஒட்டிக்கிரும்." நீ உடனே பிரஷ்ஷை நன்றாக முக்கி, கைப்பிடியின் மேல் முனையில் அப்பினாய். குனிந்து பார்த்தேன். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

"டீச்சர்கிட்ட சொல்லு சித்தி."

"உஷ். சொன்னா உள்ள வைக்க மாட்டாக. அதெல்லாம் சூட்டுல சரியாயிரும், நீ உன் வேலையைப் பாரு."

நானும் சொல்லவில்லை. உன்மேல் இருந்த பாசத்தினால் இல்லை, பயத்தினாலும் இல்லை. விழட்டும், ஒரு தடவை விழுந்தால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். 'சித்தியின் கோப்பையில் விரிசல். முடிவு பிறகு தெரியும்' என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது.

அதற்குச் சில வாரம் முன்பு, எட்டாவது சனிக்கிழமை, ஒருவழியாக எனக்கு மண் நின்றிருந்தது. அதில் வந்ததுதான் இந்தக் கிண்ணம், பள்ளிக் கண்காட்சிக்கு என்று பெயரும் கொடுத்துவிட்டேன். கிளேஸ் பூசி முடித்ததும், சூளையில் அடுக்கும் வேலையை டீச்சர் எனக்குத் தந்தார். பின்னால் நின்று நீ சொன்னாய்: "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. அம்புட்டுச் சூட்டுல தனியா இருந்தா பயந்துக்கிரும்." தட்டில் இடம் குறைவு. அதனால் கோப்பையை, அதன் கைப்பிடி என் கிண்ணத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். விரிசலைப் பார்த்தவள். மூன்று புத்தகம் படித்தவள்.

திங்கட்கிழமை உனக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த சனிக்கிழமை நீ இல்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை.

இன்று கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். டீச்சர் இழுத்தார். வகுப்புக்கு வரும் பேங்க் அக்கா கிண்ணத்தை மடியில் இடுக்கிக்கொண்டு இழுத்துவிட்டு, "ஆத்தாடி, என்னா பிடி!" என்று விட்டுவிட்டாள். நீ ஒட்டிய கைப்பிடி எல்லாம் விழுந்தது சித்தி. விழுந்த ஒன்றை மூன்று பேர் சேர்ந்தும் எடுக்க முடியவில்லை. எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா? 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று தொடங்கி, உன்னிடம் கத்த எத்தனை வாக்கியம் வைத்திருக்கிறேன்! நீ இருந்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீயுந்தான பாத்த, நீ ஏன் சொல்லல?" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்திருப்பாய். இப்போது அதையும் நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"மெஷின் வச்சுத் தேச்சா போயிரும்மா. அடியில சின்ன வடு மட்டும் நிக்கும்" என்றார் டீச்சர். வருகிற திங்கட்கிழமை கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும். சரி என்றேன். அவர் மெஷினை ஓடவிட்டு, கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான் புரிந்தது, உன் தப்போடு சேர்த்து என் தப்பையும் தேய்த்து எடுக்கப்போகிறார் என்று. பிறகு அந்தக் கிண்ணத்தைப் பார்த்து எல்லாரும் என்னைப் பாராட்டுவார்கள்.

"வேண்டாம் டீச்சர்" என்று கத்திவிட்டேன்.

பரிசு கிடைக்காது, தெரியும். கிண்ணத்தின் பக்கத்தில் வைக்கும் அட்டையை மாற்றி எழுதிவிட்டேன்: 'கிண்ணம், சக்கரத்தில் செய்தது. உள்ளே இருக்கும் கைப்பிடி, கையால் செய்தது. அது அங்கே வந்த காரணம்: கீறல் போடாத ஒருவர், பார்த்தும் சொல்லாத ஒருவர்.'

கைப்பிடி இல்லாத உன் கோப்பையையும் பையில் வைத்துக்கொண்டேன். பரீட்சை வரைக்கும் டீ அதில்தான். சூட்டுக்குப் பிடிக்கவே முடியாது. ஒவ்வொரு தடவையும் தாவணி முனையால் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டத்தான் போகிறேன், புஸ்தகம் என்று கூப்பிட ஆள் இல்லாத வீட்டில்.

டீச்சர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "பூட்டணும்மா. பஸ்ஸை விட்டுராத, இன்னைக்கு நீ தனியாப் போகணும்ல?" இன்னும் ஒரு வரி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என் தலைக்கு மேல் இருப்பதைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட்டார்.