அடுத்த சீட்டு

சாந்தோம்
11 மார்ச் 2023

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்து வைத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க முடியாதல்லவா, அதனால் இந்தக் கடிதம். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எழுத்தில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கம் இறந்த பதினாறாம் நாள் காரியத்தன்று உங்கள் வீட்டில் நான் செய்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீங்களும் தங்கமும், நானும் ஆலிஸுமாக நாலு பேரும் சனிக்கிழமைகளில் போக்கர் சீட்டு ஆடும்போது, சரியாக ஆடியும் தோற்றவருக்காக மற்ற மூவரும் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவோமே, அந்தப் பழக்கம். நாற்காலிக் கையை இரண்டு தட்டுத் தட்டி, "சரியான முடிவுதான் எடுத்தீங்க அண்ணாச்சி" என்றேன். நீங்கள் எழுந்து வாசலைக் காட்டினீர்கள். திரும்பும்போது பஸ்ஸைவிட்டு இறங்குகிற இடத்தில் ஆலிஸ், "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று கேட்டாள்.

சொன்ன இடம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சொன்னது தப்பென்று இன்னும் தோன்றவில்லை. இதய வால்வை மாற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் பிழைக்கிறார்கள், மாற்றாவிட்டால் இரண்டு வருஷம் தாண்டுவதே சந்தேகம் என்றார் டாக்டர். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் ஆபரேஷன் என்றேன். தங்கம் அந்த ஆறு பேரில் ஒருத்தியாகப் போனதால், எடுத்த முடிவு தப்பாகிவிடாது.

இன்றும் ஆலிஸ் நாலு நாற்காலி போட்டாள். பந்தயம் வைக்க உங்கள் கடையிலிருந்து கொண்டுவந்த சட்டைப் பொத்தான் டப்பா திறக்காமலே கிடக்கிறது. வாருங்கள் அண்ணாச்சி.

உங்கள்
விக்டர்


தி.நகர்
6 ஏப்ரல் 2023

மதிப்பிற்குரிய விக்டர் சாருக்கு,

அய்யாதுரை எழுதிக்கொண்டது. நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆலிஸக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுகிறதுக்கு முந்தின நாள் தங்கம், "எனக்குப் பயமாத்தான் இருக்கு. சார் என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்றேன். "சார் கணக்குப் பாத்துச் சொன்னாவளா? அப்பம் சரி, போவோம்" என்று தலையைப் பின்னிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டாக்டரை நம்பிப் போகவில்லை சார். என்னை நம்பியும் இல்லை.

போன வாரம் அவள் ரிப்போர்ட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனேன். ஆபரேஷன் பண்ணாமல் விட்டிருந்தால் எத்தனை நாள் இருந்திருப்பாள் என்று கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "சில பேர் அஞ்சு வருஷம்கூட ஓட்டியிருக்காங்க" என்றார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. அஞ்சு வருஷத்தை என் கையால் பிடுங்கிப் போட்டேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நாற்காலி போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு
அய்யாதுரை


சாந்தோம்
22 ஏப்ரல் 2023

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆலிஸ் சமையலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் அழுதேன். என் பேச்சைக் கேட்டுத் தங்கம் தலை பின்னிக்கொண்டு போனாள் என்பதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த இன்னொரு டாக்டர் வேண்டாம் அண்ணாச்சி. தயவுசெய்து இனிமேல் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை ஞாபகமிருக்கிறதா? தங்கம் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிட்டு, "சார், அடுத்த சீட்டு என்னன்னு மட்டும் ஒருதரம் பாத்துக்கிடுதேன்" என்று கெஞ்சினாள். நான் சீட்டுக்கட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். விலகிய பிறகு வரவிருந்த சீட்டைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, அது நம் மேஜையின் விதி. "போங்க சார், ரொம்பத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாளே!

மரியாதைக்காக மட்டும் வைத்த விதியில்லை அது. திருப்பிப் பார்த்தவன் பார்த்துக்கொண்டே இருப்பான், அடுத்த ஆட்டத்தை நிதானமாக ஆட மாட்டான். அந்த டாக்டரிடம் நீங்கள் கேட்டதும் அந்தச் சீட்டைத்தான். அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியுமோ, அதை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள். என் மனைவியாக இருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். இதை மட்டும் நம்புங்கள்.

சாப்பிடுங்கள்.

உங்கள்
விக்டர்


தி.நகர்
15 ஆகஸ்ட் 2023

அன்புள்ள விக்டர் சாருக்கு,

நாலு மாசமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், அதற்குள் தலையைக் கொடுத்துவிட்டால் வேறு நினைப்பு வராது என்று கடையிலேயே கிடந்தேன்.

உங்கள் கடிதத்தைக் கல்லா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். 'என் மனைவியாக இருந்தாலும் நான் அதையேதான் செய்திருப்பேன்' என்று எழுதினீர்களே, அந்த வரி தெரிகிற மாதிரி மடித்து வைத்திருக்கிறேன். நெஞ்சு அடைக்கும்போது அதை வாசிப்பேன். படித்த மனுஷர், நிதானமானவர், அவரே அப்படித்தான் செய்வாராம், அப்புறம் என்னலே அய்யாதுரை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது ராத்திரி தூக்கம் வருகிறது. சோறும் இறங்குகிறது.

தங்கத்துக்கு வருஷம் திரும்பட்டும். பிப்ரவரி கழிந்ததும் ஒரு சனிக்கிழமை வருகிறேன். அக்கா கையால் மீன்குழம்பு சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது! பொத்தான் டப்பாவைத் துடைத்து வையுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அய்யாதுரை


சாந்தோம்
14 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வேளச்சேரியில் மகள் சோஃபியா வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, பத்து நாளாக எல்லாரும் இங்கேதான். இன்றைக்குத்தான் அவர்கள் திரும்பிப் போனார்கள். வீடு காலியானதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

செப்டம்பரில் ஆலிஸுக்கு வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் பிழைக்கிறார்கள். விட்டால் என்றைக்கு வெடிக்கும் என்று தெரியாது. தங்கத்துக்குச் சொன்னதைவிட நல்ல கணக்கு. ஆலிஸ், "நீங்க சொல்ற மாதிரி செய்றேன்" என்றாள். படிவத்தை நீட்டினார்கள். பேனாவைப் பிடித்தேன். முடியவில்லை அண்ணாச்சி. அந்த நாலு பேர்தான் கண்ணில் நின்றார்கள். நாலு பேரும் ஆலிஸ் முகமாகவே இருந்தார்கள். வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

இந்த வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். வீக்கம் வளரவில்லை. "நல்லவேளை அப்பா, நீங்க அவசரப்படல" என்கிறாள் சோஃபியா. எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். தப்பான முடிவு, பலன் நன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும்.

கேட்காதபோது கையிலிருக்கும் சீட்டைக் காட்டுவது மேஜைக்கு அழகில்லை. ஆனால் நீங்கள் பிப்ரவரிக்குப் பிறகு வந்து எதிரே உட்காரும்போது, இதை ஒளித்து வைத்துக்கொண்டு உங்களுக்குச் சீட்டுப் போட என்னால் ஆகாது. என்னை மன்னியுங்கள்.

விக்டர்


தி.நகர்
28 டிசம்பர் 2023

விக்டர் சாருக்கு,

ஆலிஸக்கா நன்றாக இருக்கிறார்கள் என்று வாசித்ததும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அது பொய்யில்லை. அக்கா நூறு வயது இருக்க வேண்டும்.

அப்புறம் கண்ணாடியைத் தூக்கி, அடியில் வைத்திருந்த உங்கள் பழைய கடிதத்தை எடுத்துவிட்டேன்.

நீங்கள் பயந்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பெண்டாட்டி விஷயத்தில் எவனுக்கும் கை நடுங்கத்தான் செய்யும். எனக்கும் அப்படித்தான் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே உங்கள் வீட்டுப் படியேறி வந்து கேட்டேன். அன்றைக்கு நீங்கள், "எனக்கும் பயமாத்தான் இருக்கும் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே சார். தொண்ணூற்று நாலு என்றீர்கள். நான் அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

உங்கள் கணக்கு சரிதான். இப்போதும் சரிதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எனக்கு இனிமேல் தூக்கம் வராது.

பிப்ரவரி கழிந்து வருகிறேன் என்றேன். வர மாட்டேன். இனி கடிதமும் வேண்டாம். பொத்தான் டப்பா அக்காவிடமே இருக்கட்டும். அதில் பச்சைக் கோட்டுப் பொத்தான் ஒன்று இருக்கும், தங்கம் எப்போதும் கடைசியாகப் பந்தயம் வைப்பது. அதை மட்டும் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரிக்காக நீங்கள் விதியை மீறலாம் என்றால், அன்றைக்குத் தங்கம் கேட்ட அந்த ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கலாமே சார்.

அய்யாதுரை