மறந்துபோன இரண்டாவது வரி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா?

என் அறைக்குக் கீழே தெருக்காரர்கள் நடத்தும் பாட்டுப் பள்ளிக்கூடம் வாடகைக்குத் திண்டாடுகிறது என்றேனே, அதற்காக ஞாயிற்றுக்கிழமை கச்சேரி வைத்தோம். உண்டியலில் பணம் போடுகிறவர் யாரை வேண்டுமானாலும் பாடச் சொல்லலாம் என்று ஏற்பாடு. சும்மா நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னை, கூட வெல்டிங் செய்யும் பயல்கள் காசு போட்டு மேடையேற்றிவிட்டார்கள்.

பாப்பாவுக்கு நீயே கட்டிப் பாடும் தாலாட்டுதான் வாயில் வந்தது. முதல் வரியோடு சரி; அடுத்தது சுத்தமாக மறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். கூட்டமே சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டது!

“ஒரே வரியை வச்சு உண்டியலை நிரப்பிட்டீங்களே அண்ணா!” என்று பாட்டு டீச்சர் சிரித்தார். பள்ளிக்கூடத்தை இப்போதைக்கு மூட மாட்டார்கள்.

டீச்சருக்கு முழுப் பாட்டும் வேண்டுமாம். எழுதி அனுப்பாதே, போனில் பாடிப் பதிந்து அனுப்பு. எனக்காக இல்லை, அவர்தான் கேட்கிறார். நடுவில் பாப்பா சிணுங்கினால் நிறுத்திவிடாதே, அதுவும் இருக்கட்டும்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் ஒற்றை வரிப் பாடகன்