ஒரு சேலை, ஒரு முழம், நாலு விரல்

அக்கா,

நம்ம கொச்சி தோப்பும்படியில் ஒரு பழைய கண்டெய்னரில் ஜன்னல் வெட்டிச் சாயாக்கடை ஆக்கியிருக்கிறார்கள். நேற்று மகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். சுவருக்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தாலும் தரைப்பலகை பழையதுதான். குனிந்து முகர்ந்தேன். துருவோடு கலந்து சுக்கு வாசனை. சத்தியமாக. அவ்வளவுதான், எழுந்து சுவருக்குச் சுவர் முழம் போடத் தொடங்கிவிட்டேன். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். பார்க்கட்டும். கொச்சங்காடிச் சந்து முழுக்கச் சிரித்ததைத் தாங்கியவன் நான்.

எழுபதுகள் முடிகிற நேரம் அது. நீங்கள் அந்தச் சந்துக் குடோனில் சுக்கு பொறுக்கும் நாற்பது பெண்களுக்குத் தலைவி. நான் சாக்குகளில் முத்திரை எழுதுகிறவன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தோற்றவன். அதனாலேயே எனக்குப் "பத்தாங்கிளாஸ்" என்று பேர் வைத்தீர்கள். இனிமேல் சரக்கெல்லாம் கண்டெய்னரில்தான் போகும், இந்தச் சந்துக்குள் அது வராது, அடுத்த பருவத்துக்குக் குடோனைத் துறைமுகம் இருக்கிற ஐலண்டுக்கு மாற்றுகிறேன், அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். கப்பல் கம்பெனிக்காரர்கள் தந்த தாளை நான் எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். இறாலுக்குக் குளிர்ப்பெட்டி. எண்ணெய்க்குத் தொட்டிப்பெட்டி. உயரமான இயந்திரத்துக்குக் கூரையில்லாத பெட்டி. சுக்குக்கும் மிளகுக்கும் சாதாரண உலர்பெட்டி, இருபதடியில் ஒன்று, நாற்பதடியில் ஒன்று. நீளம் எதுவானாலும் அகலம் எட்டடிதான்.

எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: "வராதுன்னு சொன்னாரே, யாரு அளந்தா?"

யாரும் அளக்கவில்லை.

மறுநாள் மதியச் சோற்றுக்குப் பிறகு சந்தில் இறங்கினோம். துவைத்த சேலை ஒன்று பதினெட்டடி. அதோடு ஒரு முழம், நாலு விரல். இருபதடிப் பெட்டியின் நீளம் ஆயிற்று. அகலத்துக்கு உங்கள் கையால் ஐந்து முழமும் ஒரு சாணும் அளந்து இரண்டு மூங்கில் வெட்டினீர்கள். நாலு மூலைக்கு நாலு பெண்கள், பக்கத்துக்கு ஒரு சேலை. என்னை முன்னால் நிறுத்தி, "நீதான் எஞ்சின், ஸ்டியரிங்கப் பிடி" என்றீர்கள். பிடித்தேன். வளைவில் வாயால் ஹாரனும் அடித்தேன். சந்திலிருந்த சாயாக்கடைச் சேட்டன், "எந்தா, கல்யாணமோ?" என்று கேட்க, "ஆமா, மாப்பிள்ளை முன்னாடி போறான் பாரு" என்று என்னைக் காட்டினீர்கள். ஆனால் சேலைப்பெட்டி எங்கேயும் உரசாமல் குடோன் வாசலை அடைந்தது.  முதலாளி ஒரே ஒரு பெட்டி வரவழைத்துப் பார்க்கச் சம்மதித்தார்.

பெட்டி வந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, வளைவும் திரும்பி, சாயாக்கடை முன்னால் நின்றுவிட்டது. சேட்டனின் ஓட்டுச் சாய்ப்பு சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. லாரிமேல் ஏற்றிய பெட்டி அதைவிட உயரம். எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். தாளைப் படித்தவன் நானல்லவா. உயரத்தைப் படித்துவிட்டு, மேலே ஆகாசம்தானே என்று நானே தாண்டிப் போயிருந்தேன்.

டிரைவர் பின்னால் எடுக்கக் கியரைப் போட்டார். நீங்கள் போய் லாரிக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தீர்கள். நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். நானும்தான், வெட்கத்துக்கு அதுவே நல்ல இடமாக இருந்தது. சேட்டன், தன் ஓட்டில் எவனும் கை வைக்கக்கூடாது என்று குதித்தார்.

எழுந்திருக்காமலே சொன்னீர்கள்: "குடோன் ஐலண்டுக்குப் போயிட்டா உங்க சாயாவ யாரு சேட்டா குடிப்பா, பல்லியா?"

 சேட்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். பதினொரு ஓடு இறங்கியது. அடியில் இருந்த கழிகளையும் உருவிக் கீழே போட்டார். பெட்டி போனது. ஓடுகளைத் திரும்ப அடுக்கியவன் நான், தண்டனையாக. எண்பதுகள் முடியும்வரை பெட்டி வரும்போதெல்லாம் பதினொரு ஓடு இறங்கும், ஏறும். "பத்தாங்கிளாஸ், உன் ஆகாசத்தக் கழட்டு" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பீர்கள். குடோன் அந்தச் சந்தை விட்டு நகரவில்லை.

நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் ஆகிறது. நேற்று நான் முழம் போட்டு முடித்து உட்கார்ந்த பிறகுதான் மகள் விஷயத்தைச் சொன்னாள். அவள் கப்பல் அலுவலகத்தில் இருக்கிறாள் அல்லவா. யார்டில் பெட்டிகள்மேல் ஏறிச் சோதிக்கும் வேலையைக் கேட்டாளாம். அது பெண்களுக்குச் சரிவராது என்றாராம் மேலாளர். அதைச் சொல்லி அழத்தான் என்னை அழைத்துப் போயிருக்கிறாள்.

எனக்குப் புத்திமதி சொல்ல வராது. சேலைப்பெட்டிக் கதையைத்தான் சொன்னேன், ஹாரன் உட்பட. அழ வந்தவள் சாயா புரையேறச் சிரித்தாள். "அப்ப நான் என்ன கேக்கணும் அவர்கிட்ட?" என்றாள். நீங்கள் கேட்டதைச் சொல்லிக்கொடுத்தேன்: யாரு அளந்தா?

இன்று காலை செருப்பை விட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள், கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்று. நான் வாசல்வரை போய் ஒன்று மட்டும் சொன்னேன்.

"உயரத்தையும் சேர்த்து அளந்துக்கோ."