மொசைக் கல்லால் தேய்த்த ரோடு

ஜூன் 18, செவ்வாய்

பிழைக்க வந்த இந்த வடநாட்டு ஊரில், துவாரகா சொசைட்டி அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை ஆரம்பம். உள் ரோட்டுக்குக் கான்கிரீட் போட்ட அன்றே மழை அடித்து, மேல்பூச்சு கரைந்து, ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. விழுகிற பிள்ளைகளுக்கெல்லாம் முட்டி கிழிகிறதாம். ரோடு தேய்க்கிற பெரிய மெஷினைக் கொண்டுவந்தால் செலவு தாங்காது என்று செயலாளர் வெங்கடேஸ்வரன் சார் கையை விரித்தார். வீட்டுத் தரை தேய்க்கிற மொசைக் மெஷினே போதும் சார், நானும் என் மச்சினன் குணாவும் முடித்துவிடுவோம் என்றேன். உடனே சரி என்றுவிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

வெயில் மண்டையைப் பிளக்கிறது. முரட்டுக் கல் ஓடி முடிந்தது, மேடெல்லாம் போய்விட்டது. குணா மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

"போதும் மாமா. இது ரோடு, ஊடு இல்ல. கொஞ்சம் சொரசொரப்பு இருக்கணும்."

இருபது வருஷமாக மொசைக் தேய்க்கிறேன். எனக்குப் பாடம் எடுக்கிறான்! மெருகு வராமல் ஒரு தரையையும் நான் விட்டு வந்ததில்லை. நைசுக் கல்லை மாட்டச் சொன்னேன். மாட்ட மாட்டேன் என்றான், அதுவும் அங்கே கூலி வேலைக்கு வந்த பீகார் ஆட்கள் முன்னால். விட்டேன் ஓர் அறை. இடது கன்னமும் காதும் சேர்ந்து வாங்கின. தேய்த்த தண்ணீர்ச் சேற்றில் போய் விழுந்தான். எழுந்து வந்து கல்லை மாட்டினான்.

வாங்கினால்தான் இவனுக்கு வேலை ஓடும்.

ஜூன் 25, செவ்வாய்

கடைசிக் கல்லும் ஓடிவிட்டது. ரோடு மின்னுகிறது. வெங்கடேஸ்வரன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். குணாவுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. திமிர்.

ஜூன் 28, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. ஷ்வேதா என்று ஒரு பெண், அங்கேயே குடியிருப்பவள், ஸ்கூட்டரில் வந்து பிரேக் பிடித்தாள். வண்டி வழுக்கிச் சுவரில் மோதியது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவள் போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

வண்டியில் திருப்பி ஏற்றுவதற்காக குணா மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் அண்ணன் கிரிக்கெட் மட்டையோடு வந்தான். பின்னாலேயே ஏழெட்டுப் பேர். "இசீ நே கியா!" இவன்தான் செய்தான் என்று கத்தினார்கள். கைமேல் மட்டை இறங்கிய சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. விழுந்தவனை முதுகில் மாற்றி மாற்றி மிதித்தார்கள்.

நான் கேட்டில் டீ கிளாஸோடு நின்றேன். கால் நகரவில்லை. பொய். கால் நன்றாகத்தான் இருந்தது. பயம். நான் தேய்த்த ரோட்டுக்கு அவன் அடி வாங்கினான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 29, சனி

ஆஸ்பத்திரி. வலது கை முறிவு, முதுகெல்லாம் ரத்தம் கட்டியிருக்கிறது. இடது காதில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். உள்ளங்கையால் காதோடு அறைந்தால் இப்படி ஆகும் என்றார் டாக்டர்.

"எந்தப் பாவி அடிச்சானோ, அவன் கை அழுவிப் போவ!" என்று என் பெண்டாட்டி அம்பிகா கத்தினாள். என் கை அவள் தோளில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

மட்டை, உதை, மிதி. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். நேற்று யாரும் அவன் கன்னத்தில் அறையவில்லை.

ஜூலை 1, திங்கள்

போலீஸ்காரர் கேட்டார், காதில் அடித்தது யார் என்று. தெரியாது என்றான் குணா. சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான்.

ஜூலை 4, வியாழன்

உளியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். அம்மி கொத்துவது மாதிரி அங்குலம் அங்குலமாகக் கொத்தினால்தான் டயருக்குப் பிடி கிடைக்கும். வேறு மலிவான வழி இல்லை. அந்தப் பெண்ணின் அண்ணன் வந்தான். தேய்த்தது குணா இல்லை, நான்தான் என்று இந்தியில் சொன்னேன். நெஞ்சில் உதைத்தான். எழுந்தேன். மறுபடி உதைத்தான். எழுந்து கொத்தினேன்.

இவனிடம் சொல்லி என்ன? சொல்ல வேண்டியவள் வீட்டில் இருக்கிறாள்.

ஜூலை 9, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அம்பிகா சூடாக இருந்த தோசைக் கரண்டியாலேயே மூஞ்சியில் அடித்தாள். புருவம் கிழிந்தது. தடுக்கவில்லை. "ஒரே தம்பிய்யா எனக்கு... ஒரே தம்பி..." அடிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

ஜூலை 10, புதன்

சோறு போட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

கொத்தி முடித்தாயிற்று. நேற்று நல்ல மழை. ஒரு வண்டியும் வழுக்கவில்லை.

குணா வேலைக்கு வந்துவிட்டான். வலது கையில் இன்னும் கட்டு, இடது கையால் தண்ணீர் ஊற்றுகிறான். அந்த இடது காது இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைகை காட்டினால் வேலை செய்கிறான், குறை சொல்ல முடியாது. இன்று அவனுக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்து, "குணா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவன் வாளியை மெதுவாகக் கீழே வைத்தான். எழுந்து சுற்றி வந்து, இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டான்.