சுருதி சேரவில்லை என்று நீ சொன்ன நாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் ஹாலில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே நாம் இரண்டு பேரும் தைத்த சிறகுகள். மேலாகக் கிடந்த மைனாவின் மஞ்சள் அலகை எலி பாதி தின்றிருந்தது. ஏழு வருடமாக அந்தப் பெட்டியை நான் தொட்டதில்லை. பிள்ளைகளின் பாட்டு நாடகத்தை மறுபடியும் போடச் சொல்லி ஊரில் சிலர் விடாமல் கேட்டதால், அன்று புதிய பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கக் கூப்பிட்டிருந்தேன். பத்து மணிக்குத்தான் பிள்ளைகள் வருவார்கள். அதற்கு முன்னால் நீ என் நினைவில் வந்துவிட்டாய்.

அன்று நடந்ததை உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். பழையதைச் சொல்லாமல் அது முடியாது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த உன் டைப்பிங் கடைக்கு நான் கேள்வித்தாள் அடிக்க வந்ததுதான் ஆரம்பம். கணக்குக் கேள்விகளை அடித்துக்கொண்டே நீ எதையோ பாடிக்கொண்டிருந்தாய். "பரீட்சைக்கு மட்டும்தான் பசங்கள உக்கார வெப்பீங்களா டீச்சரே? பாடறதுக்கு ஒரு நாளு கூப்பிட்டுப் பாருங்க" என்றாய். நான் சர்ச் பாதிரியாரின் மனைவி ஐயரம்மாவிடம் பேசி ஹாலின் சாவியை வாங்கினேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மசூதித் தெருப் பிள்ளைகள், உங்கள் ஜெயின் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். பொழுது சாய்ந்தால் நீ சாப்பிட மாட்டாய் என்பதால் ஐந்தரை மணிக்கு ஒத்திகை நிற்கும். நீ டப்பாவைத் திறப்பாய். சுற்றிலும் முப்பது வாய் திறக்கும். உனக்கு மிஞ்சுவது இரண்டு கவளம்.

கடைசி வருட நாடகம் முழுக்க உன் எழுத்து. ஏரி வற்றிப்போகிறது. தண்ணீர் தேடிப் போன தாய் மைனா திரும்பி வரவில்லை. குஞ்சு மைனா தனியாக நின்று அம்மாவைக் கூப்பிட்டுப் பாடுவதுதான் கடைசிப் பாட்டு. அதை எழுதும்போது உனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. எழுதி முடித்து இரண்டு மாதம் கழித்துத்தான் மார்பில் கட்டி என்றார்கள். அதற்குள் அது நுரையீரல் வரைக்கும் போயிருந்தது.

வேலூருக்குப் பஸ்ஸில் உன்னோடு நான்தான் வருவேன். ஒரு தடவை திரும்பும்போது, கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாய். வாயைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர் ரெண்டு மாசம் மூணு மாசம்னு சொன்னாரே, அது தாரிணிக்குத் தெரிய வேணாம்" என்றாய். "பன்னெண்டு வயசு. தினமும் என் மூஞ்சியையே பாத்துகினு இருப்பா. என்னால தாங்க முடியாது."

உன் வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. கட்டி கரைந்துகொண்டு வருகிறது என்று உன் மகளிடம் சொல்லி வைத்தோம். அவளும் நம்பினாள்.

தீபாவளி கழிந்த ஞாயிறு நாடகத்துக்கான தேர்வு. சால்வை போர்த்திக்கொண்டு நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் ஆர்மோனியத்தில். குஞ்சு மைனாவுக்கு ஆறு பேர் பாட வந்தார்கள். தாரிணி ஐந்தாவது. பச்சைப் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பாடினாள். நாற்காலிகளை இழுத்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். பாதியில் நான் வேண்டுமென்றே ஆர்மோனியத்தை நிறுத்தினேன். துணையில்லாமல் அவள் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தாள். அவள் குரல் நின்ற சுரத்தில் ஆர்மோனியக் கட்டையை அழுத்திப் பார்த்தேன். இம்மியும் பிசகவில்லை.

ஆறாவதாக ரேவதி பாடினாள். தறிக்காரர் வீட்டுப் பெண். நல்ல குரல்தான், இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது.

பக்கத்து அறைக்குப் போனதும், "இதுல பேச என்ன இருக்கு? தாரிணிதான்" என்றேன்.

"ரேவதி" என்றாய்.

"பைத்தியமா உனக்கு?"

"கிறிஸ்துமஸ் லீவுல நாடகம். அன்னிக்கு நான் இருப்பேனா? அம்மா செத்த பத்தாம் நாளு அவ மேடையில நின்னு அம்மா எங்கன்னு பாடணுமா?"

"பாட்ட மாத்திடலாம்."

"நாள மாத்த முடியுமா? அவ பாடலன்னா நாப்பது கொழந்தைங்களோட நாடகம் நின்னுடும். நிக்கக் கூடாதுன்னு நீங்க எல்லாம் சேந்து அவளக் கூட்டிகினு வந்து நிறுத்துவீங்க. உன்ன எனக்குத் தெரியும்."

நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

பெயர்களை நான்தான் படித்தேன். ரேவதியின் பெயரைச் சொன்னதும் தாரிணி என்னைப் பார்க்கவில்லை, உன்னிடம் வந்தாள். "ஏம்மா? நான் எங்க தப்பு பண்ணேன்?" என்றாள். நீ ஏதாவது சமாதானம் சொல்வாய் என்று நினைத்தேன்.

"சுருதி சேரல" என்றாய்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கட்டையை அழுத்திப் பார்த்தவள் நான். ஆர்மோனியப் பெட்டியைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

காக்கைக் கூட்டத்தில் அவளைச் சேர்த்திருந்தோம். அவள் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு உன்னிடம் அவள் பேசவும் இல்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டாள், கேட்டால் தலையை ஆட்டினாள். "சொல்லிடு, இன்னும் நேரம் இருக்கு" என்று இரண்டு தடவை உன்னிடம் கெஞ்சினேன். "கோவிச்சிகினே இருக்கட்டும். அழுதுகினு இருக்கறதுக்கு அது எவ்ளோ மேல்" என்றாய். சொல்ல மாட்டேன் என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

மார்கழி பிறந்த நாலாம் நாள் நீ போனாய். ஒன்பது நாள் கழித்து நாடகம் நடந்தது. ரேவதி பாடும்போது ஹாலில் அழாதவர்கள் இல்லை. தாரிணி கடைசி வரிசையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாள். அழவில்லை, கை தட்டவில்லை. நீ பயந்தது சரிதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டுதான் ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு அவள் வந்தாள். இப்போது வேலூரில் காலேஜ் இரண்டாம் வருடம். உன் மூக்கு, உன் நடை. சித்தப்பா மகளைத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை பயத்தில் பாட்டை எடுக்கத் தெரியாமல் நின்றது. "கூட நின்னு முதல் வரிய எடுத்துக் குடேன்மா" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எனக்குச் சுருதி சேராது ஆண்ட்டி. எங்க அம்மாவே சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. குழந்தைகள் போனபிறகு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் செய்த சத்தியத்தை மீறினேன். இத்தனை நாள் மனதில் குத்திய முள்ளை எடுத்துவிடுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

அவள் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாகப் போறோம்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்பாவுக்கு?"

"தெரியும்."

"உங்களுக்கும்." அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு, "அந்தக் கடைசி ஒன்றரை மாசம் நான் எங்கம்மாகூட பேசவே இல்ல ஆண்ட்டி. அதுவும் தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியும் என்று சொன்னேன்.

"சாயந்திரம் என் பக்கத்துல வந்து உக்காருவாங்க. நான் எந்திரிச்சுப் போயிடுவேன். நல்லாகி வந்தப்புறம் பேசிக்கலாம்னு இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். மறுநாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. இன்று வரைக்கும் எடுக்கவில்லை. எடுப்பாள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை உன் போட்டோவுக்கு முன்னால்கூடச் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். நீ பயத்தில் செய்தாய். எனக்கு அந்தப் பயம்கூட இல்லை. உன் வீட்டுக்கு வந்து போகும் ஒவ்வொரு நாளும் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு அறையில் இருப்பதைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சத்தியம் செய்துவிட்டேன் என்று சும்மா இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலூரில் கடைசிக்கு முந்தின நாள், ஆக்ஸிஜன் மாஸ்க்கை நீயே விலக்கி, "தாரிணி என்னக் கேட்டாளா?" என்றாய். "நாள் பூரா உன்னத்தான் கேட்டுகினு இருக்கா" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். உன் முகம் கொஞ்சம் இளகியது. மாஸ்க்கை நான் திரும்ப மாட்டிவிட்டேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நாம்தான் அவளிடம் சொல்லியிருந்தோம்.