விரல் காட்டிய இடம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் செட்டில் வழுக்கைத் தலையன் மொட்டை, பிடித்த பிடியை விடவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாய்மரப் படகு வகுப்பாம். அவன், ஆஸ்பத்திரி வேலையால் நாங்கள் நர்ஸ் என்றே கூப்பிடும் தோழி, நான். "கேப்டன் ஆசப்பட்டதுடா. நாமளாவது போவோம்" என்றான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு, படகுப் பைத்தியத்தால் கேப்டன் என்று பேர் வாங்கிய எங்கள் நண்பன் கடலோடு போய் ஏழு மாதம் ஆகிறது. வகுப்பும் அதே கடற்கரையில்தான். வர முடியாது என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அதை யாரிடம் சொல்வது?

ஜூன் 4

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நீந்துவதென்றால் கேப்டனும் நானும் சேர்ந்துதான் இறங்குவோம். அவன் போன அன்று காலை ஆறு மணிக்குக் கரையிலிருந்து போன் செய்தான். "எங்கடா இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன், பாதி வழி தாண்டிட்டேன். நீ இறங்கு."

போர்வைக்குள்ளிருந்து சொன்னேன். ஊரில் யார்தான் சொல்லாத பொய்? சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன். அவன் என்னை நம்பித் தனியாக இறங்கிவிட்டான்.

ஜூன் 7, சனி

கேட்டமரான் — பேர் என்னவோ நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். பார்த்தால் இரண்டு ஒல்லித் தோணிகளுக்கு நடுவே கட்டிய கயிற்றுக் கட்டில். மொட்டை பாய்க்கயிற்றை இழுக்கச் சொன்னால் விடுகிறான், விடச் சொன்னால் இழுக்கிறான். நர்ஸ் அவன் முதுகில் இரண்டு போட்டாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

பயிற்சியாளர் கண்டிப்பான அம்மா. யாராவது தண்ணீரில் விழுந்தால் படகில் ஒருவருக்கு ஒரே வேலைதானாம்: விழுந்தவரை விரலால் காட்டிக்கொண்டே இருப்பது. "படகு எப்படித் திரும்பினாலும் கண்ணயும் கையயும் எடுக்கக் கூடாது. அந்த விரல நம்பித்தான் மத்தவங்க ஓட்டுவாங்க." மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கே கண் பார்க்கிறவன் என்று நாளைக்கு அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

விழுந்தவரை மீட்கும் ஒத்திகை.

மொட்டை உயிர்காப்புச் சட்டையோடு குதித்தான். நான் விரலை நீட்டினேன். நர்ஸ் சுக்கானைத் திருப்பினாள், பாய் மறுபக்கம் சாய்ந்தது, ஒரு நொடி அவனை மறைத்தது. பிறகு தலை தெரிந்தது. அதையே காட்டினேன். "நேரா போ, நேரா!" நர்ஸ் ஏதோ கத்தினாள், காதில் ஏறவில்லை. கிட்டே போனால் — வெறும் தண்ணீர். மொட்டை எங்களுக்குப் பின்னால், வெகு தூரத்தில், விசிலை ஊதிக்கொண்டு கிடந்தான். பயிற்சியாளரின் விசைப்படகுதான் அவனைத் தூக்கியது.

நான் காட்டிய தலையில் முடி இருந்தது. ஈர முடி. மொட்டைக்கு ஏதுடா முடி? அது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

கரையில் மொட்டை பல் கிட்டிக்க நின்றான். "யாரடா காட்டுனே?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், அந்தப் போர்வை வரைக்கும். அவன் துண்டை மணலில் எறிந்துவிட்டு நடந்துவிட்டான். நர்ஸ் கயிறுகளையெல்லாம் சுருட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கேப்டன் பொண்டாட்டி, அண்ணிகிட்ட நீயே போய்ச் சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

ஜூன் 10

கேப்டன் வீட்டுத் தெருமுனை வரை போனேன். திரும்பிவிட்டேன். கோழை.

ஜூன் 14, சனி

போனேன். சொன்னேன்.

அண்ணி துணி தேய்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார், படகில் நடந்தது உட்பட. "ஏழு மாசமா இந்த வீட்ல வந்து கை நனைச்சீங்களே" என்றார். எழுந்தேன்.

"இருங்க. அந்தத் தல கரையப் பாத்து இருந்துச்சா, கடலப் பாத்தா?"

கரை என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும்தான். வாய் வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு பொய்யா?

"கடலப் பாத்துதான், அண்ணி. பின்மண்டதான் தெரிஞ்சுது. ஒரு தடவகூடத் திரும்பல."

"அப்ப அவர்தான்" என்றார். "தண்ணில இறங்கிட்டா நான் கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டார்."

சுவிட்சை அணைத்துவிட்டு வெகு நேரம் அழுதார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தவர், அடுத்த வகுப்பு எப்போது, தன்னையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டார்.