நாலு மாத மேடு

அன்புள்ள என் வாயாடி மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், நீ சாப்பிடும் லட்சணம் தெரிந்தும். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போன் மணி அடித்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாரே உன் அப்பா, அவருக்குத் தெரியாமல் என்னால் தும்மக்கூட முடியாது. இது அவருக்குத் தெரியக் கூடாத சமாசாரம். அதனால்தான் அவர் பல் டாக்டரிடம் போயிருக்கும் நேரம் பார்த்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தைக் குறை சொல்லாதே.

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். நாற்பது வருடப் பங்குச்சந்தை வியாபாரத்தை ஒரே கோடாகப் போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் நானும் உன் அப்பாவும் அந்தச் சந்தை ஆபீசில் தேய்த்த நாற்காலிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. முதல் இருபது வருடம் கோடு எறும்பு மாதிரி தரையோடு ஊர்கிறது, கம்ப்யூட்டர் வந்ததும் எழுந்து நிற்கிறது, கைபேசியில் வியாபாரம் செய்யலாம் என்று ஆன பிறகு தாளை விட்டே வெளியே போய்விடும் போலிருக்கிறது. வியாபாரம் இத்தனை மடங்கு பெருகியதே, பங்கு வாங்குகிற ஆட்களும் அத்தனை மடங்கு பெருகினார்களா, இல்லை அதே ஆட்கள் அதே பங்கைத் திரும்பத் திரும்ப வாங்கி விற்கிறார்களா என்று கேட்டிருக்கிறாய் பார், அது நல்ல கேள்வி. எங்கள் பல் டாக்டர் ஒருவரே அதற்குப் பதில் சொல்லிவிடுவார். நோயாளியை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு போனில் விற்கிறார், மூடச் சொல்வதற்குள் திரும்ப வாங்கிவிடுகிறார். எங்கள் காலத்தில் பங்கு வாங்கியவர் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை எங்கே வைத்தோம் என்பதையும் மறந்துபோவார். உன் அப்பாவோ கட்டுரையை அச்சடித்து வாங்கி வந்து, மாடி வீட்டு வாத்தியாரிடமும் சலூன்காரரிடமும் காட்டியாகிவிட்டது. சலூன்காரர் பாவம், கத்தரிக்கோலும் கையுமாக நின்றபடி இரண்டு அத்தியாயம் கேட்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது அத்தியாயத்தில், அந்த எறும்பு ஊர்கிற காலத்தில், நாலு மாதம் மட்டும் கோடு இரண்டு மடங்காக எழும்பி ஒரு மேடு போட்டிருக்கிறது. பங்கு வாங்கும்படி சந்தை நிர்வாகம் ஊரெல்லாம் விளம்பரம் வைத்ததன் பலன் இது என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா, இன்னொரு நாட்டுச் சந்தையும் இதே மாதிரி விளம்பரத்துக்குச் செலவழிக்கலாம் என்று சிபாரிசு வேறு. மாதக் கடைசியில் பெரிய பெரிய ஆட்கள் முன்னால் நின்று இதை வாசிக்கப்போகிறாய். மகளே, அந்த மேடு விளம்பரத்தால் வந்ததில்லை. உன் அப்பாவால் வந்தது.

சிரிக்காமல் கேள். அப்போது ஒவ்வொரு வியாபாரத்துக்கும் எங்கள் புள்ளிவிவரப் பிரிவுக்கு இரண்டு சீட்டு வரும், விற்ற தரகரிடமிருந்து வெள்ளை, வாங்கிய தரகரிடமிருந்து மஞ்சள். இரண்டும் ஒரே வியாபாரம்தான். இரண்டையும் ஒத்துப்பார்த்து மஞ்சளைக் கட்டி வைத்துவிட வேண்டும், வெள்ளையை மட்டும் கூட்டி அன்றைய மொத்தத்தைச் சொல்ல வேண்டும். அது என் வேலை. நீ பிறக்கும் சமயம் நான் நாலு மாதம் விடுப்புப் போட்டேன். என் நாற்காலியில் வெளி ஆள் உட்கார்ந்தால் திரும்பக் கிடைக்காது என்று, தபால் பிரிவில் தற்காலிகமாக இருந்த உன் அப்பா தானே போய் மேலாளரிடம் கெஞ்சி அதை வாங்கிக்கொண்டார். மூன்று நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு நாள்தான் ஆயிற்று, மூன்றாம் நாள் விடிவதற்குள் நீ அவசரப்பட்டு வந்துவிட்டாய். மஞ்சள் சீட்டை என்ன செய்வது என்பது மூன்றாம் நாள் பாடம். ஆக, உன் பேரிலும் குற்றம் இருக்கிறது.

அவர் இரண்டையும் கண்ணும் கருத்துமாகக் கூட்டினார். கூட்டலில் ஒரு பிழை கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். அதே வாரம்தான் விளம்பரப் பலகைகள் ஏறின, மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. உன் அப்பா தினமும் வீட்டுக்கு வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு தெரியுமா என்று ஆரம்பிப்பார், நீ கொட்டாவி விடுவாய். நான் திரும்பிப் போன முதல் நாளே கட்டுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அவருக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு அந்த வாரம் மேலாளர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் வாயைத் திறந்தால் அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். பேசாமல் வெள்ளையை மட்டும் கூட்டிக் கொடுத்தேன், சந்தை ஒரே நாளில் பாதியாகிவிட்டது. மேலாளர் மூன்று முறை சரிபார்க்கச் சொல்லிவிட்டு, "நீங்க வந்த நேரம், இருந்த வியாபாரமும் ஓடிப்போச்சு" என்றார். அன்றிலிருந்து ஆபீசில் எனக்கு அரை மேடம் என்று பெயர். உன் அப்பாவும் விட்டாரா, வீட்டுக்கு யார் வந்தாலும், "என் கையில சந்தை எப்படி இருந்துச்சு தெரியுமா, இவ கை பட்டதும் பாதியாயிடுச்சு" என்பார். நீயும் மழலையில் ஒத்து ஊதுவாய். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். சில நாள் வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் அந்த நாலு மாத எண்களைப் பாதியாக்கு. மேடு போய்விடும், அத்தியாயமும் உட்கார்ந்துவிடும், தெரியும். விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஈ காக்கை வரவில்லை என்பதுதான் நிஜம். அப்பாவிடம் வேறு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள். இந்த மேட்டு எண்களைத் தன் கையால் கூட்டியதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், இந்த வயதில் அவரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனசில்லை.

நேற்று இவ்வளவு எழுதியதும் பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். பல் டாக்டருக்கு ஏதோ பங்கு சரிந்துவிட்டதாம், கை நடுங்குகிறது என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் பாலை இறக்கிவிட்டு வருவதற்குள் உன் அப்பா மேசை முன்னால் நிற்கிறார், கையில் இந்தக் கடிதம். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று நினைத்தேன். "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். சொல்லியிருந்தால் உங்கள் வேலை போயிருக்கும் என்றேன். அப்புறம் பேப்பரின் ஓரத்தைக் கிழித்து இரண்டு சீட்டு மாதிரி என் முன்னால் வைத்து, "இதுல எதைக் கூட்டணும், சொல்லு" என்றார். மூன்றாம் நாள் பாடத்தை முப்பத்திரண்டு வருடம் கழித்து நடத்தினேன், சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வாத்தியாரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார், பிறகு சலூனுக்கும். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பொறுக்காமல், சாப்பிட வாருங்கள் என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

இனி உன் பாடு. ஆறு மாத உழைப்பு வீணாயிற்றே என்று அழுதுகொண்டு உட்காராதே, தப்பை வாசிப்பதற்கு முன் தெரிந்ததே என்று சந்தோஷப்படு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி, நிறைவாக வாழ வேண்டும். திருத்திய அத்தியாயத்தை மறக்காமல் முதலில் எனக்கு அனுப்பு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கீழே கொஞ்சம் இடம் விடு என்கிறார் உன் அப்பா, விட்டிருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா

மகளே, மாற்றி எழுது. அந்த நாலு மாதத்தைக் கூட்டியவன் தவறாகக் கூட்டினான் என்று என் பெயரைப் போட்டே எழுது. என் தப்பை நீ சுமக்க வேண்டாம். உன் அம்மா சுமந்ததே போதும்.
அப்பா